கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?
ஒரு மீன் முட்டைக்குள் தாயின் பழைய கட்டளைகளை அழிக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களின் கதை

யோங் பெங் வழியாக நெடுந்தூரப் பேருந்தில் போனவர்களுக்கு, அது சாப்பாட்டுக்காக வண்டி நிற்கும் ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி பத்து பகாட் பக்கம் போகிறவர்களுக்கு அது திருப்பம். ஆனால் அங்கேயே வளரும் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொன்று உண்டு: மீன் தொட்டி. மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் மாநிலம் ஜொகூர். கப்பி, தங்கமீன், டிஸ்கஸ், அரோவானா என்று வீட்டுக்கு ஒரு தொட்டி இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒரு தொட்டியாவது இருக்கும்.

அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது, விலை உயர்ந்த மீன்களை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் ஒரு தொட்டியைப் பாருங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஓடும் நீலக் கோடுகள். ஒரு நொடி கூட ஓரிடத்தில் நிற்காது. கடையில் இதை ஸீப்ரா டானியோ என்பார்கள். நாம் வரிமீன் என்று வைத்துக்கொள்வோம்.

கடையில் இருப்பவற்றுள் மலிவான மீன்களில் இதுவும் ஒன்று. ஆனால் உலகெங்கும் உள்ள உயிரியல் ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் மீன்களிலும் இதுவே முன்வரிசையில் நிற்கிறது. இந்த மீனின் முட்டைக்குள், கரு உருவான முதல் சில மணி நேரத்தில் நடக்கும் ஒரு சம்பவத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதே சம்பவத்தின் சாயல் தவளை முட்டையிலும் உண்டு. அதைச் செய்கிற மூலக்கூறுகளின் உறவினர்கள் மனிதக் கருவிலும் இருக்கிறார்கள். அதாவது, நீங்களும் நானும் ஒரு சிறு புள்ளியாக இருந்தபோது அவர்கள் நமக்குள்ளும் வேலை செய்தார்கள்.

கங்கைக் கரையிலிருந்து வந்த மீன்

வரிமீன் நம் ஆற்று மீன் அல்ல. அதன் பூர்வீகம் தெற்காசியா. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளைச் சேர்ந்த ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்வது. கங்கை ஆற்று மீன்களைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1822இல் இதை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். பிறகு வளர்ப்பு மீனாக உலகம் சுற்றியது.

ஆய்வுக்கூடத்துக்கு அது போனதே கடை வழியாகத்தான். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், வீட்டில் மீன் வளர்ப்பதில் ஆர்வம் உள்ளவர். கண்ணுக்குத் தெரியாத வைரஸ்களை ஆராய்ந்து வந்த அவர், முதுகெலும்புள்ள ஒரு விலங்கின் மரபியலைப் படிக்க விரும்பி, வரிமீனைத் தேர்ந்தெடுத்தார். 1981இல் அவருடைய குழுவின் முக்கியமான ஆய்வுக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. இன்று உலக ஆய்வுக்கூடங்களில் நீந்தும் ஒரு முக்கிய வரிமீன் வம்சம், ஓரிகனில் ஒரு கடையில் வாங்கிய மீன்களின் வாரிசுதான்.

ஏன் இந்த மீன்? காரணங்கள் எளியவை. முட்டை தாயின் உடலுக்கு வெளியே, தண்ணீரில் வளர்கிறது. அது ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் அகலம். கண்ணாடி போலத் தெளிவு. உள்ளே உயிரணுக்கள் பிரிவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். 2013இல் இதன் மரபுத்தொகுதி முழுமையாக வெளியானபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு வரிமீனில் ஒரு இணையாவது இருப்பது தெரியவந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அஸ்ஸாமில் பிடித்த காட்டு வரிமீனின் மரபுத்தொகுதியை டில்லியிலுள்ள மரபுத்தொகுதி, ஒருங்கிணைந்த உயிரியல் கழகத்தின் விஞ்ஞானிகள் படித்திருந்தனர்.

நமக்குப் பக்கத்திலேயும் ஒரு கதை உண்டு. 1999இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் ஜியுவான் தலைமையிலான குழு, ஜெல்லி மீனின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை வரிமீனுக்குள் செலுத்தி, மின்னும் மீன்களை உருவாக்கியது. நீரில் கலந்த மாசைக் கண்டறிய உதவும் மீனை உருவாக்குவது அவர்கள் நோக்கம். பிறகு அது அமெரிக்கக் கடைகளில் அலங்கார மீனாக விற்பனைக்கு வந்தது.

இன்னொரு செய்தி. உலகில் எந்த நாட்டு ஆய்வுக்கூடமானாலும் வரிமீன் முட்டையை வளர்க்கும் வழக்கமான வெப்பநிலை 28.5 டிகிரி செல்சியஸ். குளிர் நாடுகளில் இதற்கென்று சூடேற்றும் பெட்டி வைக்கிறார்கள். யோங் பெங்கில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டாலே ஏறக்குறைய அந்த வெப்பம் கிடைத்துவிடும்.

முதல் 24 மணி நேரம்

இப்போது கடிகாரத்தை ஓட விடுவோம். 28.5 டிகிரியில் வளரும் ஒரு வரிமீன் கருவின் முதல் நாள் இப்படிப் போகும்:

முக்கால் மணி நேரம்: ஒரே உயிரணு இரண்டாகப் பிரிகிறது.
அதன் பிறகு: ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை 4, 8, 16, 32 என்று இரட்டிக்கிறது.
3 மணி நேரம்: ஏறத்தாழ 1,000 உயிரணுக்கள். மஞ்சள் கருவின் மேல் குவித்த சோறு போல ஒரு மேடு.
5¼ மணி நேரம்: உயிரணுக்கள் மஞ்சள் கருவைப் பாதி மூடிவிடுகின்றன, முதுகு, வயிறு, தலை என்று உடலின் திசைகள் வடிவம் எடுக்கத் தொடங்குகின்றன.
24 மணி நேரம்: கண், மூளை, வால் தெரிகின்றன. இதயம் துடிக்கிறது.
இரண்டு, மூன்று நாள்: குஞ்சு வெளிவருகிறது.

ஒரே நாளில் ஒரு புள்ளி மீனாகிவிடுகிறது. இதில் நம் கவனம் மூன்றாவது மணி நேரத்தில் இருக்கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் அப்போது பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே ஆட்சி மாற்றம் நடக்கிறது.

அம்மா கட்டிக் கொடுத்த சோறு

படிவம் 4 உயிரியல் பாடத்தில் நியூக்ளிக் அமிலங்களைப் படித்திருப்பீர்கள். டி.என்.ஏ.வில் இருக்கும் மரபணு முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தத் தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் என்ற பட்டறை வாசித்து, புரதத்தைச் செய்கிறது. (அந்த ரைபோசோமின் கட்டமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.) டி.என்.ஏ. என்பது அலுவலகத்தில் பூட்டி வைத்த மூலப் பத்திரம், தூது ஆர்.என்.ஏ. என்பது வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பிய நகல்.

அப்படியானால் கரு வளர்வதற்குத் தேவையான தூது ஆர்.என்.ஏ.வையெல்லாம் கருவின் சொந்த மரபணுக்கள்தானே கொடுக்க வேண்டும்? இல்லை. முதல் மூன்று மணி நேரம் வரிமீன் கருவின் சொந்த டி.என்.ஏ. ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை முழு டி.என்.ஏ.வையும் இரட்டித்துப் பிரியும் அவசரத்தில், அதை வாசிக்க நேரமே இல்லை.

பின்னே கரு எதை வைத்து வேலை செய்கிறது? தாய் கொடுத்ததை வைத்து. முட்டை உருவாகும்போதே தாய் மீன் அதற்குள் ஆயிரக்கணக்கான வகைத் தூது ஆர்.என்.ஏ.க்களை நிரப்பி அனுப்புகிறது. தூரப் பயணம் போகும் பிள்ளைக்கு அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுப்பது போல. எப்படிப் பிரிய வேண்டும், எந்தப் புரதம் வேண்டும் என்ற சொல்லும் அதில் இருக்கிறது. அதற்கான சரக்கும் இருக்கிறது.

நம் பெரியவர்கள் சொல்வார்கள்: கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? ஒரு கட்டத்துக்குப் பிறகு பிள்ளை தானே சமைக்க வேண்டும், தானே யோசிக்க வேண்டும். வரிமீன் கருவுக்கு அந்தக் கட்டம் மூன்றாவது மணி நேரத்தில் வந்துவிடுகிறது. சொந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன. புதிய தூது ஆர்.என்.ஏ.க்கள் வெளிவரத் தொடங்குகின்றன.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பழைய சோறு இன்னும் தீரவில்லை. தாயின் கட்டளைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 'பிரி, பிரி' என்று பழைய கட்டளையும், 'நில், மூளையாக மாறு' என்று புதிய கட்டளையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் உயிரணு எதைக் கேட்கும்? பழையதை அழித்தால்தான் புதியது நடக்கும். அழிக்கும் வேலையை யார் செய்வது?

புழுவில் கிடைத்த துப்பு

விடையின் முதல் துண்டு மீனில் கிடைக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் கிடைத்தது. அமெரிக்காவில் விக்டர் ஆம்புரோஸும் கேரி ரவ்கனும் அந்தப் புழுவின் வளர்ச்சியைக் கலைத்துவிடும் இரண்டு மரபணுக்களை ஆராய்ந்து வந்தனர். அதில் லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் செய்யவில்லை என்பதை ஆம்புரோஸ் கண்டார். அது கொடுத்தது வெறும் 22 எழுத்துள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ. சாதாரணத் தூது ஆர்.என்.ஏ.வுக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துகள் இருக்கும்.

ரவ்கன் ஆராய்ந்த மற்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில், கடைசிப் பகுதியில், இந்தத் துண்டோடு பொருந்தும் எழுத்துகள் இருந்தன. இருவரும் தம் வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது விளங்கியது: குட்டி ஆர்.என்.ஏ. பெரிய ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, அது புரதமாவதைத் தடுக்கிறது. 1993இல் இரண்டு கட்டுரைகளாக இது வெளிவந்தது. பலர் இதை அந்தப் புழுவின் தனி விசித்திரம் என்று ஒதுக்கிவிட்டனர். 2000இல் ரவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது குட்டி ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தது. அது புழுவில் மட்டுமல்ல, ஈயிலும் மீனிலும் மனிதனிலும் இருந்தது. அதன் பிறகு யாராலும் ஒதுக்க முடியவில்லை. இன்று இவற்றை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறோம். 2024இல் ஆம்புரோஸுக்கும் ரவ்கனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் பகுதி இரண்டு விழுக்காடு கூட இல்லை. மீதியை ஒரு காலத்தில் குப்பை என்று சொன்னவர்கள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் மரபணுக்களில் பல அந்தப் பகுதியில்தான் இருந்தன.

வெட்டும் கத்தி, தேடும் விதை

மைக்ரோ ஆர்.என்.ஏ. எப்படி வேலை செய்கிறது? முதலில் அது நீளமான ஆர்.என்.ஏ.வாகப் பிறந்து, நடுவில் மடங்கி, கொண்டை ஊசி போல இரட்டை இழையாக நிற்கும். டைசர் என்ற புரதம் அதைக் கத்தி போல நறுக்கி, ஏறத்தாழ 22 எழுத்து நீளத் துண்டாக்குகிறது. அந்தத் துண்டை ஆர்கோனாட் என்ற இன்னொரு புரதம் கையில் பிடித்துக்கொண்டு, உயிரணுவுக்குள் தேடுதல் வேட்டைக்குக் கிளம்புகிறது.

துண்டின் தொடக்கத்திலுள்ள ஆறு, ஏழு எழுத்துகளுக்கு 'விதை' என்று பெயர். ஆர்.என்.ஏ.வில் ஏ-வும் யூ-வும் இணையும்; ஜி-யும் சி-யும் இணையும். விதை ஏ-ஏ-ஜி-யூ-ஜி-சி என்றால், அதற்கு எதிரே எந்த எழுத்துகள் வர வேண்டும்? தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். யூ-யூ-சி-ஏ-சி-ஜி என்று வந்தால் சரி. அந்த எழுத்துகள் எந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் கடைசிப் பகுதியில் இருக்கின்றனவோ, அது மாட்டிக்கொள்ளும்.

மாட்டியதற்கு என்ன நடக்கும்? ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.வின் நுனியிலும் ஏ-ஏ-ஏ-ஏ என்று ஒரு நீண்ட வால் இருக்கிறது. கயிற்றின் நுனியில் போட்ட முடிச்சு மாதிரி அது. முடிச்சு அவிழ்ந்தால் கயிறு பிரிபிரியாகப் போய்விடும் அல்லவா? மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டியதும் அந்த வால் கத்தரிக்கப்படுகிறது. வால் போனதும் தூது ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுகிறது.

மீனில் நடந்த சோதனை

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் முதுகெலும்பு விலங்கின் கருவுக்கு எவ்வளவு முக்கியம்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஷியர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்பெயின்காரர் அந்தோனியோ ஹிரால்டெஸும் கூட்டாளிகளும் இதற்கு நேரடியான வழியைத் தேர்ந்தெடுத்தனர்: கத்தியையே எடுத்துவிடுவது. டைசர் இல்லாவிட்டால் மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாகாது.

கேட்க எளிது. செய்யப் போனால் தாயின் கட்டுச்சோறு குறுக்கே வந்தது. கருவில் டைசர் மரபணுவைக் கெடுத்தாலும், தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய டைசர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதனால் கரு முதல் நாட்களில் நன்றாகவே வளர்ந்தது. ஆகவே தாயிடமிருந்தும் டைசர் வராத முட்டை வேண்டும். ஆனால் டைசர் அறவே இல்லாத மீன் வளர்ந்து தாயாகும் வயதுவரை பிழைக்காது. என்ன செய்வது?

விஞ்ஞானிகள் ஒட்டுக்கட்டினார்கள். சாதாரண மீன் கருவில் முட்டையாகப் போகும் உயிரணுக்களை நீக்கிவிட்டு, டைசர் இல்லாத கருவிலிருந்து அதே வகை உயிரணுக்களை எடுத்து வைத்தனர். வளர்ந்த மீனின் உடம்பு சாதாரணமானது. அது இட்ட முட்டைகள் மட்டும் டைசர் இல்லாதவை. ரப்பர் கன்றில் மொட்டு ஒட்டிய கதைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்ட பிள்ளைகளுக்கு இது விளங்கும்: வேர் ஒன்று, பால் தரும் மரம் வேறு.

2005இல் முடிவு வெளியானது. தாய் வழியாகவும் தன் வழியாகவும் டைசர் இல்லாத கருக்களில் தலை எது, வால் எது என்ற அடிப்படைத் திட்டம் சரியாகவே வந்தது. ஆனால் உயிரணுக்கள் நகர்ந்து இடம்பிடிப்பது தடுமாறியது. மூளைக்குள் இருக்க வேண்டிய குழிவுகள் உருவாகவில்லை. இதயமும் ஒழுங்காக வளரவில்லை. சில நாட்களுக்கு மேல் அவை தாங்கவில்லை.

அடுத்துதான் முக்கியமான படி. அந்த நேரத்தில் வரிமீன் கருவில் மிக அதிகமாக இருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பம் ஒன்று தெரிந்தது. அதன் பெயர் மிர்-430. கருவின் சொந்த டி.என்.ஏ. விழிக்கும்போது மிக முதலில் கண் திறக்கும் பகுதிகளில், மிர்-430இன் பல நகல்கள் வரிசையாக நிற்கும் பகுதியும் ஒன்று. டைசர் இல்லாத கருவுக்குள் இந்த ஒரு குடும்பத்தை மட்டும் ஊசியால் செலுத்தினார்கள். மூளையின் வடிவம் பெருமளவு திரும்பிவிட்டது! முழு மீனாக வளரவில்லைதான். மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இல்லையே. ஆனால் முதல் நாளின் பெரிய கோளாறுக்குக் காரணம் எது என்று தெளிவாகிவிட்டது.

மிர்-430 எதை அழிக்கிறது? 2006இல் அதே குழு பட்டியலிட்டது. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்கள், அவற்றில் பெரும்பங்கு தாய் கட்டிக் கொடுத்தவை. மிர்-430 அவற்றின் வாலை வெட்டி, அவை விரைவில் மறைய வழி செய்தது. 2012இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, மிர்-430 முதலில் புரதம் செய்வதை மெதுவாக்குகிறது, பிறகுதான் தூது ஆர்.என்.ஏ.வை அழிக்கிறது என்பதும் தெரிந்தது. முதலில் வாயை மூடச் சொல்லி, பிறகு வெளியே அனுப்புவது போல.

தாயின் கட்டளைகளை அழிக்க வேறு வழிகளும் கருவில் உண்டு. சிலவற்றுக்கான ஏற்பாட்டைத் தாயே செய்து அனுப்பிவிடுகிறாள். ஆனால் மிர்-430 கருவின் சொந்தக் கை. தன் சொந்தக் காலில் நிற்கும்போது கரு செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, அம்மாவின் பழைய கட்டளைகளைத் துடைப்பது.

எல்லாவற்றையும் அழிப்பதில்லை

இங்கேதான் கதை சுவையாகிறது. மிர்-430 கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் கத்தி அல்ல.

நானோஸ் என்ற ஒரு தாய்க் கட்டளை இருக்கிறது. எதிர்காலத்தில் முட்டையாகவும் விந்தாகவும் மாறப்போகும் உயிரணுக்களுக்கு அது தேவை. மற்ற உடல் உயிரணுக்களுக்கு அது வேண்டாம். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிர்-430 உடல் உயிரணுக்களில் நானோஸை அழிப்பதும், இனப்பெருக்க உயிரணுக்களில் அது தப்பித்துவிடுவதும் தெரிந்தது. அடுத்த ஆண்டே காரணமும் கிடைத்தது: அந்த உயிரணுக்களில் மட்டும் இருக்கும் ஒரு புரதம், மிர்-430 ஒட்ட வேண்டிய இடத்தை மறைத்துக்கொள்கிறது. அடுத்த தலைமுறைக்கான விதைநெல்லை மட்டும் எடுத்து ஒளித்து வைப்பது போல.

இன்னொரு எடுத்துக்காட்டில் சிங்கப்பூர் வருகிறது. அங்குள்ள தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தில் கருணா சம்பத் தலைமையிலான குழு, ஸ்குவிண்ட் என்ற தாயின் தூது ஆர்.என்.ஏ. நான்கு உயிரணுக் கட்டத்திலேயே ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதை 2005இல் 'நேச்சர்' இதழில் காட்டியது. பிற்காலத்தில் மீனின் முதுகு எந்தப் பக்கம் வரும் என்பதற்கு அது அடையாளம். ஸ்குவிண்ட் ஒரு வேலையை முடுக்கிவிடும் சமிக்ஞை. லெஃப்டி என்பது அதை அடக்கும் சமிக்ஞை. 2007இல் ஷியர் குழு, மிர்-430 இந்த இரண்டையுமே மட்டுப்படுத்துகிறது என்று கண்டது. முடுக்குவதையும் அடக்குவதையும் சேர்த்துக் குறைப்பதால் என்ன பயன்? தராசின் இரு தட்டிலும் கனத்தைக் குறைத்து, சிறு அசைவிலேயே முள் சரியாக நிற்கும்படி வைப்பதுதான்.

குடும்பம் பெரிது

மிர்-430க்கு உறவினர்கள் உண்டு. தவளையில் மிர்-427. மனிதனிலும் மற்றப் பாலூட்டிகளிலும் மிர்-302, மிர்-372 முதலியன. பெயர்கள் வேறாக இருந்தாலும் விதையைப் பாருங்கள். மிர்-427, மிர்-302, மிர்-372 மூன்றிலும் நாம் மேலே எழுதிப் பார்த்த அதே ஏ-ஏ-ஜி-யூ-ஜி-சி இருக்கிறது. வரிமீனின் மிர்-430 வகைகளில் அதேதான் வரும், அல்லது ஓர் எழுத்து மாறியிருக்கும். மீனும் மனிதனும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகியும் அந்த ஆறு எழுத்துகள் அழியவில்லை. 2009இல் தவளை முட்டையிலும் மிர்-427 தாயின் தூது ஆர்.என்.ஏ.க்களின் வாலை வெட்டுவது நிரூபிக்கப்பட்டது.

பழ ஈ என்ன செய்கிறது? அதனிடம் இந்தக் குடும்பம் இல்லை. ஆனால் அதே வேலையைச் செய்ய மிர்-309 என்ற முற்றிலும் வேறொரு கூட்டம் அதற்கு இருக்கிறது. பழைய கட்டளையை அழிக்கும் தேவை பொது. ஆள் மட்டும் வேறு.

மனிதனில் மிர்-302 கருவின் தொடக்கக் கட்டத்திலும், எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய மூல உயிரணுக்களிலும் நிறைந்திருக்கிறது. வளர்ந்த உடலில் அதைக் காண்பது அரிது. அதனால் விஞ்ஞானிகளுக்கு ஒரு கேள்வி எழுந்தது: வளர்ந்த தோல் உயிரணுவுக்குள் இதைச் செலுத்தினால், அது மறுபடியும் குழந்தையாகுமா? 2011இல் அமெரிக்காவில் தீபா சுப்ரமணியமும் கூட்டாளிகளும் மிர்-302, மிர்-372 இரண்டும் மனிதத் தோல் உயிரணுக்களை மூல உயிரணுக்களாக மாற்றுவதற்கு உதவுகின்றன என்று காட்டினர். அவர் பின்னர் இந்தியா திரும்பி, புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

கதவு தவறிய நேரத்தில் திறந்தால்

இவ்வளவு சக்தியுள்ள ஒன்று தவறான நேரத்தில் விழித்தால்? அதுவும் நடக்கிறது. 2006இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள், ஆண்களின் விரையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயில் மிர்-372, மிர்-373 இரண்டும் மறுபடி விழித்திருப்பதையும், உயிரணு பிரிவதை நிறுத்தும் காவலை அவை தளர்த்திவிடுவதையும் கண்டனர். கருவில் வேகமாகப் பிரிய உதவிய அதே குணம், வளர்ந்த உடலில் நோயாகிவிட்டது.

இந்த நோய் பெரும்பாலும் முதியவர்களை அல்ல, பதின்ம வயது முடிவிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ள இளைஞர்களைத்தான் தாக்குகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகும். ஆனால் பையன்கள் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவதால் காலம் தாழ்கிறது. இப்போது இதே கொத்தைச் சேர்ந்த மிர்-371ஐ இரத்தத்தில் அளந்து இந்த நோயைக் கண்டறியும் சோதனை ஆராயப்பட்டு வருகிறது. பழைய இரத்தச் சோதனைகள் தவறவிடும் சிலவற்றையும் இது பிடிக்கிறது. வலியில்லாத கட்டியோ வீக்கமோ தெரிந்தால் மருத்துவரிடம் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை என்பதை அண்ணன்களும் தம்பிகளும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் முட்டையில் தொடங்கிய கேள்வி எங்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

நீங்களே பாருங்கள்

மிர்-430ஐ வெறும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது வேலை செய்யும் நேரத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அறிவியல் மன்றத்துக்கு நல்ல திட்டம் இது.

ஒரு சிறிய தொட்டியில் குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றி, ஆண் மீன் இரண்டும் பெண் மீன் இரண்டும் விடுங்கள். பெண் மீனின் வயிறு உருண்டிருக்கும். ஆண் மீன் ஒல்லியாக, சற்றே மஞ்சள் படர்ந்திருக்கும். தொட்டியின் அடியில் இரண்டு அடுக்காகக் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள். இல்லையென்றால் தாங்கள் இட்ட முட்டைகளைத் தாங்களே தின்றுவிடும். இரவில் தொட்டிக்கு வெளிச்சமே படக்கூடாது. விடிந்து வெளிச்சம் வந்ததும்தான் வரிமீன் முட்டையிடும்.

காலையில் ஒரு சிறு குழாயால் குண்டுகளுக்கு இடையில் இருப்பதை உறிஞ்சி, வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மணல் துகள் போலத் தெளிவான உருண்டைகள் தெரிந்தால் அவைதான் முட்டைகள். பால் போல வெளுத்துப்போனவை இறந்தவை, எடுத்துவிடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் மணிக்கு ஒருமுறை பார்த்து, நேரத்தோடு படம் வரையுங்கள். உங்கள் அறையின் வெப்பம் 28.5க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக நடக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொரித்த குஞ்சுகளை ஆற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். அவை நம் நீர்நிலைக்கு உரியவை அல்ல.

மூன்று மணி நேரம் ஆனதும் அந்த மேட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பாருங்கள். வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் உள்ளே, அம்மா கட்டிக் கொடுத்த மூட்டையை அந்தக் குட்டி மீன் அப்போதுதான் காலி செய்யத் தொடங்கியிருக்கும்.